கொக்கு ஏன் வெளுத்துப் போகிறது?

கேள்வி: காரைக்குடியில் இருக்கிறேன். கேமராவோடு 70-300 மி.மீ. லென்ஸ் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்கு அப்புறம் பக்கத்தில் எங்கே பறவை பார்க்கலாம்? கொக்கைப் படம் எடுத்தால் காயப்போட்ட வேட்டி மாதிரி வெறும் வெள்ளையாக வருகிறது. இன்னும் தூரம் எட்டும் 600 மி.மீ. லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது, பணத்தைப் பத்திரமாக வையுங்கள். கொக்குக்குப் பின்னால் கருவேல மரம் இருட்டாக இருக்கிறது, கேமரா மொத்தக் காட்சியையும் வெளிச்சமாக்கப் பார்க்கிறது, அதில் வெள்ளை இறகு வெந்துபோகிறது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1 வரை இறக்கிப் பாருங்கள், இறகு இறகாகத் தெரியும். பறக்கும்போது எடுக்க ஷட்டர் வேகம் 1/1600 விநாடிக்குக் குறைய வேண்டாம்.

இடம் என்றால் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிதான். 1977-லேயே சரணாலயமாக அறிவித்த கண்மாய்கள் அவை. நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், சாம்பல் நாரை, வக்கா எல்லாம் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம், ஆனால் எல்லாம் கண்மாய் பெருகுவதைப் பொறுத்தது. மழை பொய்த்த வருஷம் போனால் மரத்தைத்தான் படம் எடுக்க வேண்டும், அதனால் கிளம்பும் முன் அந்தப் பக்கத்து ஆட்களிடம் தண்ணீர் கிடக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் உங்கள் முதுகில் விழும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அந்தக் கண்மாய்களை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் இந்தப் பறவைகளுக்காகவே தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, அங்குள்ள பிள்ளைகளும் அதற்கு ஒத்துக்கொண்டே வளர்கிறார்கள். அந்த ஊரில் போய், பறவை பறக்கிற மாதிரி படம் வேண்டும் என்று கை தட்டுகிறவர்களை என்ன சொல்ல! பதறி எழும்பினால் முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும், காக்காய்க்கும் தோது. ட்ரோனும் ஃபிளாஷும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊருணியில் பாம்பு தலையைத் தூக்கி நீந்துவது போல ஒரு பறவை போகிறது. என்ன அது? (வாசகி, தேவகோட்டை)

பதில்: பாம்புத்தாரா. உடம்பு முங்கிவிடும், கழுத்து மட்டும் மேலே தெரியும். அதன் இறகு தண்ணீரில் நனைந்துவிடும் என்பதால் மீன் பிடித்த பிறகு கட்டையிலோ கிளையிலோ ஏறி இறக்கையை விரித்து உலர்த்தும், அவசரப்படாமல் ரொம்ப நேரம் அப்படியே இருக்கும். படித்துறையில் உட்கார்ந்து அதற்காகக் காத்திருங்கள், செல்போன் கேமராவே போதும்.