கடற்பாசியை வைத்துத் தண்ணீரில் உள்ள கன உலோகத்தை எடுக்க முடியுமா? எடுத்ததை மீட்க முடியுமா?

இரண்டும் முடியும். எம்.எஸ்சி.யில் என் ஆய்வே இதுதான் என்பதால் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

மண்டபம் கரையில் ஒதுங்கிக் கிடந்த கட்டக்கோரையை அள்ளி வந்தேன். புத்தகங்களில் சர்காசம் என்று வரும் பழுப்புப் பாசி. உப்புப் போகக் கழுவி, காயவைத்து, பொடித்துச் சலித்தேன். மயில்துத்தம் (நீல நிறச் செம்பு உப்பு) கரைத்த தண்ணீரில் அந்தப் பொடியைப் போட்டுக் கலக்கவிட்டு, சில மணி நேரம் கழித்து வடிகட்டினால் நீலம் காணாமல் போயிருந்தது. அதே பொடியைச் சிறிதளவே எடுத்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டேன். நீலம் முன்னைவிட அடர்த்தியாகத் திரும்பி வந்தது! அந்தக் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பாசி செத்த பிறகும் இது நடக்கும். வேலை செய்வது அதன் செல்சுவரில் உள்ள ஆல்ஜினேட் என்ற பசைப்பொருள். அதில் எதிர்மின் இடங்கள் உண்டு; நேர்மின் உலோக அயனிகள் அவற்றில் ஒட்டும். கடலில் பிடித்து வைத்திருந்த கால்சியத்தையும் சோடியத்தையும் விட்டுவிட்டு ஈயம், செம்பு, காட்மியத்தைப் பிடித்துக்கொள்ளும். அமிலம் கூடினால் ஹைட்ரஜன் அயனிகள் அந்த இடங்களைப் பறித்துக்கொள்ளும். அதனால் பிடிக்கும்போது பிஎச் (அமிலம் கூடினால் குறையும் அளவு) 4, 5 வாக்கில் இருக்க வேண்டும். கழற்ற அதைவிட நன்றாக இறக்க வேண்டும். நல்ல நிலையில் 1 கிராம் பாசி சுமார் 60 மில்லிகிராம் செம்பைப் பிடிக்கும். ஈயம் கனமான அணு, 200ஐக்கூடத் தொடும்.

குழாயில் நிரப்பித் தண்ணீரை ஓடவிடும்போதுதான் திணறினேன். நைசான பொடி ஊறி, வழவழவென்று கூழாகி அடைத்துக்கொண்டது. வடிந்த கொஞ்சமும் டீ நிறத்தில் இருந்தது. குருணையாக உடைத்து, கால்சியம் குளோரைடில் ஊறவைத்த பிறகே ஒழுங்காக ஓடியது.

எல்லா உலோகத்துக்கும் இது பொருந்தாது. ராணிப்பேட்டை குரோமேட் கழிவுக் குவியலிலிருந்து நிலத்தடி நீருக்குப் போகும் குரோமியம்-6 எதிர்மின் அயனியாக இருப்பது. சாதாரண கிணற்றுத் தண்ணீரில் பாசி அதைச் சரியாகப் பிடிக்காது. ஆர்செனிக்கும் அப்படியே. தயவுசெய்து குடிநீர்த் தொட்டியில் பாசியைக் கட்டித் தொங்கவிடாதீர்கள்.

இதற்குச் சரியான இடம் மின்முலாம் பட்டறையின் அலசல் தண்ணீர். பல இடங்களில் காரம் சேர்த்து வண்டலாக்கி மூட்டை கட்டி அடுக்கிவைக்கிறார்கள்; அந்த வண்டலோடு செம்பும் நிக்கலும் போய்விடுகின்றன. பாசியிலிருந்து அமிலத்தில் செறிவாக இறங்கும் செம்பை மின்னாற்பகுப்பில் தகடாகவே படியவைக்கலாம், பாசியை மறுபடி கழுவி அதே குழாயில் பயன்படுத்தலாம்.