பழைய பெட்ரோல் டிராக்டரின் கார்பரேட்டரை நாமே பிரித்துச் சரிசெய்யலாமா, மெக்கானிக் சொல்வதுபோல் மாற்றத்தான் வேண்டுமா?

தாராளமாகச் சரிசெய்யலாம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்தானே கார்பரேட்டர். உங்கள் வண்டி சோக் (காற்றைக் குறைக்கும் மூடி) இழுத்தால் ஓடும், சோக்கை எடுத்ததும் திணறி நின்றுவிடும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் பெரும்பாலும் ஜெட், அதாவது பெட்ரோல் போகும் சிறு துளையுள்ள பித்தளைத் துண்டு, அடைத்திருக்கும். அதற்கு எதற்குப் புதிது?

"டிராக்டர் என்றாலே டீசல், அதில் ஏது கார்பரேட்டர்?" என்று கேட்க வருபவர்களுக்கு ஒன்று. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் செய்த சாம்பல் நிற ஃபெர்குசன் டிஇ20 வகையில் பெட்ரோல் வண்டிகளும் உண்டு. குடியாத்தம் பக்கம் எங்கள் கொட்டகையில் தாத்தா செகண்ட் ஹேண்டாக வாங்கிய ஒன்று இன்றும் ஓடுகிறது.

அது நின்றுபோனபோது டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். மூடியைக்கூடத் திறக்கவில்லை. "ஸ்பேர் கிடைக்காது, எடைக்குப் போட்டுடுங்க" என்றார்கள். அப்பாவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ராணிப்பேட்டையில் லேத் பட்டறையில் இருந்த என் மாமாதான், "இன்னா மாப்ள, பித்தளை ஜெட்டு இன்னா செத்தா பூடும்? கழட்டு பாக்கலாம்" என்று வந்து உட்கார்ந்தார்.

கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரைத் திறந்தால் பழைய பெட்ரோல் வெல்லப்பாகு மாதிரி அடியில் இறுகிக் கிடந்தது. மாமா முதலில் அதில் மிதக்கும் உள்ளீடற்ற ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பார்த்தார். உள்ளே பெட்ரோல் தளும்பியது. வெந்நீரில் அமுக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். உள்ளே இருந்த பெட்ரோலைச் சொட்டு விடாமல் வெளியேற்றி, ஆவியும் போகும்வரை காயவிட்ட பிறகே ஈயம் பற்றவைத்தார். ஈயமும் பொட்டளவுதான். ஃப்ளோட் கனத்துவிட்டால் மட்டம் ஏறி, பெட்ரோல் கீழே ஒழுகும். ஃப்ளோட் ஏறும்போது பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடில் வால்வின் முனையில் வளையம்போல் தேய்மானம் தெரிந்தால் அதை மட்டும் மாற்றுங்கள்.

ஜெட்டுக்குள் கம்பியோ ஊசியோ விடவே கூடாது. பித்தளை மெத்து, துளை ஒரு மயிரிழை பெருத்தாலும் பெட்ரோல் அதிகமாகப் போய் பிளக் கறுத்துவிடும். கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். காற்று-பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் ஸ்குரூவைக் கழற்றும்முன் மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எழுதி வையுங்கள். மாட்டும்போது அதே கணக்குக்குத் திறந்தால் போதும். கார்பரேட்டர் மூடி கோணியிருந்தால் கண்ணாடிமேல் எமரித்தாள் விரித்துத் தேய்த்துச் சமமாக்கி, புது கேஸ்கெட் போடுங்கள். ஆக்ஸிலரேட்டரோடு திரும்பும் த்ராட்டில் தண்டு ஆடினால் காற்று புகும். அது லேத் வேலை, வீட்டில் ஆகாது.

எல்லா வண்டிக்கும் இது பொருந்தும் என்று நான் வாதாடவில்லை. கார்பரேட்டரின் உடலே விரிசல் விட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் திறந்து பார்க்காமலே மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

எங்கள் வண்டி உறுமியதும் அப்பா கலப்பையை மாட்டிக்கொண்டு நேரே மல்லாட்டை நிலத்துக்குப் போனார். அந்த நிலம் இப்போது கரம்பு. வண்டி இருக்கிறது, தண்ணீர் இல்லை. பாலாற்றில் வெள்ளம் வராத வருஷத்திலும் மணலுக்கடியில் ஊற்று இருந்தது. கால்வாய் தோண்டி அதில்தான் எங்கள் முன்னோர் பயிர் வைத்தார்கள். மணலை லாரி லாரியாக அள்ளியபின் கிணறும் போனது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் டிராக்டரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இது வராமல் இருக்காது.

இன்னொன்று. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயை அரிக்கும். குழாயை மாற்றிவிடுங்கள். வண்டியை நிறுத்திப் போடுவதானால் டேங்கின் பெட்ரோல் டேப்பை மூடி, சேம்பரில் இருப்பது தீரும்வரை ஓடவிடுங்கள். டேங்கின் அடியில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக் கழுவிய பிறகே கார்பரேட்டரை மாட்டுங்கள். இல்லையென்றால் அந்தத் துருவே ஜெட்டை மறுபடி அடைத்துவிடும்.