இன்சூரன்ஸ் இல்லாத வண்டி மோதினால் இழப்பீட்டை யாரிடம் கேட்பது?

கேள்வி: பைக்கில் போன என் கணவர் மீது குட்டியானை மோதி வலது கால் முறிந்துவிட்டது. அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிந்துவிட்டதாம். "எப்போதோ விற்றுவிட்டேன், ஆர்.சி. மட்டும்தான் என் பெயரில் இருக்கிறது" என்கிறார் உரிமையாளர். எங்களுக்கு இழப்பீடு கிடைக்குமா? - வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: கேட்க உரிமை உண்டு. ஆனால் கொடுக்க வேண்டியவர் உரிமையாளர். அவரிடமிருந்து வாங்குவதுதான் பாடு. அதனால் முதல் அவசரம், அந்த வண்டி ஸ்டேஷனை விட்டு நகராமல் பார்த்துக்கொள்வது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி ஆளைக் காயப்படுத்தினால், உரிமையாளர் போதிய பிணை கொடுக்காமல் அதை விடுவிக்கக் கூடாது. மூன்று மாதம் கடந்தும் கொடுக்காவிட்டால் மாஜிஸ்திரேட் ஏலம் விட்டு, பணத்தை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும். இந்த விதியை எல்லா மாநிலங்களும் கொண்டுவர வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரத்தில்தான் வண்டியைக் கேட்டு மனு போடுவார்கள். வக்கீல் மூலம் உடனே ஆட்சேபம் தெரிவியுங்கள்.

விற்றுவிட்ட கதை எடுபடாது. ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்றும் அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பத்திரத்தில் எழுதிக் கொடுத்தேன் என்பதெல்லாம் அவருக்கும் வாங்கியவருக்கும் உள்ள வழக்கு. டிரைவர், ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் இருவர் மீதும் சேர்த்தே மனு போடுங்கள்.

இன்சூரன்ஸ் முடிந்தது என்பதையும் வாய்ப்பேச்சில் நம்பாதீர்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பாலிசி நகல் கிடைத்தால் அது தொடங்கும் மணியையும் கவனியுங்கள். காலையில் இடித்துவிட்டு மாலையில் பாலிசி போடுகிறவர்கள் உண்டு, அது அந்த விபத்துக்குச் செல்லாது. பிரீமியம் செக் திரும்பியதால் பாலிசி ரத்து என்றால், விபத்துக்கு முன்பே ரத்துக் கடிதம் உரிமையாளருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள். சேராவிட்டால் கம்பெனிதான் உங்களுக்குக் கொடுத்தாக வேண்டும்.

இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்தில் போடும் மனுவுக்கு (எம்சிஓபி) சட்டம் வைத்திருக்கும் கெடு விபத்து நாளிலிருந்து ஆறு மாதம். நீங்கள் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே போடலாம். தீர்ப்பு வந்தும் உரிமையாளர் கட்டாவிட்டால், தீர்ப்பாயத்தில் சான்றிதழ் வாங்கினால் கலெக்டர் அதை நில வரிப் பாக்கி போல வசூலிப்பார்.

உங்கள் கணவரின் பைக் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். பைக் அவர் பெயரில் இருந்து, லைசென்ஸும் செல்லுபடியாக இருந்தால், 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு அதில் சேர்ந்திருக்கலாம். வெறும் எலும்பு முறிவுக்கு அதில் பணம் வராது. உயிரிழப்புக்கும், கை கால் கண் இழப்பு, நிரந்தர முழு ஊனம் ஆகியவற்றுக்கும்தான்.