அப்பாவுக்கு ஐந்து பிள்ளைகள். எனக்கு மட்டும் விந்தணுவே இல்லையாம். இந்த ஆண்மைக்குறைவுக்கு மரபணு காரணமாக இருக்குமா?

இருக்கலாம். ஆனால் அதை ஆண்மைக்குறைவு என்று எழுதாதீர்கள். அது உடலுறவில் வரும் சிக்கல், இது வேறு. எனக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, விந்தணு மட்டும் இல்லை.

எங்களுக்குக் கடலூர், மஞ்சக்குப்பம். கல்யாணமாகி நான்கு வருடம் என் மனைவிக்குத்தான் ஸ்கேன், ஊசி, டியூப் டெஸ்ட் எல்லாம். வளைகாப்புக்குப் போனால் அவளை மட்டும் வளையல் போடக் கூப்பிட மாட்டார்கள். பெரியப்பா ராமேஸ்வரம் போய்வரச் சொன்னார். (என்னிடம் வாங்கிய நாற்பதாயிரத்தை இன்றுவரை தராதவர். யோசனை மட்டும் இலவசம்.)

கடைசியில் பாண்டியில் ஒரு டாக்டரம்மாதான், "சாருக்கு சீமன் டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று கேட்டார். லேபில் தாழ்ப்பாள் இல்லாத பாத்ரூமைக் காட்டினார்கள். கதவைக் காலால் அடைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு முறையும் பூஜ்யம்.

அப்புறம் ரத்தத்தில் குரோமோசோம் பார்த்தார்கள். 500 முதல் 1000 ஆண்களில் ஒருவருக்கு எக்ஸ் ஒன்று கூடுதலாக இருக்குமாம், கிளைன்ஃபெல்டர் என்பார்கள். எனக்கு அது இல்லை. ஒய் குரோமோசோமில், விந்தணு உருவாகத் தேவையான ஏஇசட்எஃப் பகுதியில், ஏஇசட்எஃப்-சி என்ற துண்டு இல்லை. "நம்ம பரம்பரையிலயே இல்லாதது உனக்கு எப்படிடா?" என்று அம்மா கேட்டார். அந்த இடத்தில் ஒரே மாதிரியான துண்டுகள் திரும்பத் திரும்ப வருமாம். அப்பாவின் உடம்பில் விந்தணு உருவாகும்போது அவை ஒன்றோடொன்று மாறி இணைந்து, நடுவில் இருப்பது விழுந்துவிடும். அப்பாவுக்குக் குறையில்லை, என்னில்தான் ஆரம்பம்.

அதனால் பரம்பரையில் இல்லை என்று விட்டுவிடாமல், விரையில் விந்தணு தேடும் ஆபரேஷனுக்கு முன்பே இந்த ஒய் டெஸ்ட்டை எடுத்துவிடுங்கள். ஏஇசட்எஃப்-இல் ஏ அல்லது பி பகுதி முழுதாகப் போயிருந்தால் விரையைத் திறந்து தேடியும் பயனில்லை. சி மட்டும் என்றால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உள்ளே கிடைக்கும். எனக்குக் கிடைத்தது. விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்சி செய்தோம், இரண்டாவது முறை தங்கியது.

மகன். அவனுக்கும் இதே குறை இருக்கும், என் ஒய்தானே அவனுக்கும். தெரிந்தே பெற்றாயா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். டாக்டரம்மா முன்கூட்டியே சொன்னார், நாங்கள் இரண்டு பேரும் பேசித்தான் முடிவெடுத்தோம். வேண்டாம் என்று சொல்கிறவர்களையும் நான் தப்பு சொல்லவில்லை. அவனுக்கு இப்போது நான்கு வயது. பதினெட்டில் நானே அவனை உட்கார வைத்துச் சொல்வேன். லேபுக்கும் நானே கூட்டிப்போவேன், தாழ்ப்பாள் இருக்கிற லேபாகப் பார்த்து.