மாரத்தான் பயிற்சியும் ஐந்து மணி நேரத் தூக்கமும்

கேள்வி: எனக்கு வயது 39. தாம்பரத்தில் வீடு, பாரிமுனையில் வங்கி வேலை. 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள். அரை மாரத்தான் இரண்டு முறை ஓடியிருக்கிறேன். வரும் ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். இன்னும் 11 வாரம் இருக்கிறது. செல்போன் செயலி போட்டுத் தந்த அட்டவணைப்படி வாரம் ஐந்து நாள், மொத்தம் சுமார் 50 கிலோமீட்டர் ஓடுகிறேன். காலை 4 மணிக்கு எழுகிறேன், படுக்க 11 ஆகிவிடும். வார நாளில் விட்டுப்போன ஓட்டத்தைச் சனிக்கிழமை சேர்த்து ஓடிவிடுவேன். ஒரு மாதமாக ரயில் நிலையப் படிக்கட்டு ஏறினாலே மூச்சு வாங்குகிறது. முடி கொட்டுகிறது. இடது முழங்காலுக்குக் கீழே உள்பக்க எலும்பில் வலி. மாதவிலக்கில் எப்போதுமே போக்கு அதிகம். ஹீமோகுளோபின் 12.1, 'நார்மல்' என்றார்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா? ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்கிறார் மாமியார். ஓட்டத்தையே விட்டுவிடட்டுமா?
— வாசகி, தாம்பரம்

பதில்: விட வேண்டாம். ஆனால் இந்த வாரம் ஓடவும் வேண்டாம். முதலில் அந்தக் கால் வலி எந்த வகை என்று தெரிந்தாக வேண்டும்.

நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலின் உள்பக்க எலும்பு விளிம்பைக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கிக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். நான்கைந்து விரல் அகலத்துக்கு மேல் பரவலாக வலித்து, ஓட ஆரம்பிக்கும்போது இருந்து, உடல் சூடேறியதும் குறைகிறது என்றால், அது பெரும்பாலும் எலும்பின் மேலுறையும் அதில் ஒட்டும் தசைகளும் உளைச்சல் பட்ட நிலை. ஓட்டத்தைக் குறைத்தாலே வாரங்களில் தணியும். மாறாக, ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்தாலோ, நடக்கும்போதோ இரவில் படுத்திருக்கும்போதோ வலித்தாலோ, எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அப்போது ஒற்றைக் காலில் குதித்துப் பார்ப்பதுகூட வேண்டாம். நேரே எலும்பு மருத்துவரிடம் போங்கள். எக்ஸ்ரே எடுத்து 'ஒன்றுமில்லை' என்றால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம், எம்.ஆர்.ஐ.யில்தான் பிடிபடும். விரிசல் உறுதியானால் ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டமே கிடையாது, ஜனவரி போட்டியும் கிடையாது. அதில் பேரம் பேச இடமில்லை.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா என்றால், கூடாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் வலியை மறைத்து விரிசலை முறிவாக்க வழிவிடும் என்பது ஒரு பக்கம். வியர்த்து நீர் குறைந்திருக்கும் நேரத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தையும் அவை குறைக்கின்றன, உடல் உப்பின் அளவையும் குழப்புகின்றன. போட்டியன்று பையில் கூட அவற்றை வைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, 'நார்மல்' என்று வந்த இரத்தப் பரிசோதனை. பெண்களுக்கு இரத்தசோகையின் எல்லைக்கோடு 12. நீங்கள் அதன் விளிம்பில் நிற்கிறீர்கள். ஹீமோகுளோபின் கடைசியில்தான் விழும். அதற்கு வெகுமுன்பே இரும்புச்சத்துக் கையிருப்பு காலியாகிவிடும். அந்தக் கையிருப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். மாதப்போக்கு அதிகம், முடி உதிர்வு, படியேறினால் மூச்சு வாங்குவது, வாரம் 50 கிலோமீட்டர் ஓட்டம் எல்லாம் ஒன்றாக இருக்கும்போது என் முதல் சந்தேகம் அங்கேதான். ஃபெரிட்டின், முழு இரத்த அணு எண்ணிக்கை, சி.ஆர்.பி., தைராய்டுக்கு டி.எஸ்.எச்., பி12, வைட்டமின் டி ஆகியவற்றைப் பாருங்கள். நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் இரத்தம் கொடுக்காதீர்கள். உடலில் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். சி.ஆர்.பி. கேட்பதும் அதற்காகத்தான். சில ஆய்வகத் தாள்களில் ஃபெரிட்டினின் கீழ் எல்லை 10, 13 என்றெல்லாம் அச்சாகியிருக்கும். உங்களுக்கு 18 வந்தாலும் அதில் நார்மல் என்றே தெரியும். உங்கள் அறிகுறிகளோடு 30-க்குக் கீழே வந்தால் சிகிச்சை தேவை.

மாத்திரை தேவைப்பட்டால், தனிம இரும்பு (மாத்திரையின் மொத்த எடையல்ல, அதிலுள்ள இரும்பு மட்டும்) 60 மில்லிகிராம் உள்ள ஒன்றை நாள்தோறுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ தருவார்கள். ஒருநாள் விட்டு எடுத்தால் குடல் நன்றாக உறிஞ்சுகிறது, வயிற்றுத் தொல்லையும் குறைவு. எடுக்கும் நேரம் முக்கியம். ஓட்டம் முடிந்து மூன்று மணி நேரத்துக்குப் பிறகு, இரும்பு உறிஞ்சுதலைத் தடுக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உடலில் ஏறும். அதனால் ஓடும் நாளில் வீட்டுக்கு வந்த அரை மணிக்குள் எலுமிச்சைச் சாறோடு விழுங்கிவிடுங்கள். காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எதுவும் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு வேண்டாம். ஓடிவிட்டு வந்ததும் ஃபில்டர் காபி என்பது நம் ஊர்ச் சடங்கு, இதில் அது தள்ளிப் போகத்தான் வேண்டும். மூன்று மாதமாவது எடுத்தால்தான் கையிருப்பு நிரம்பும். அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் வாரம் ஒருமுறை ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ (மண்ணீரல்) சேர்க்கலாம். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் நல்லவை, ஆனால் காலியான கையிருப்பை அவை மட்டும் நிரப்பாது. பரிசோதனை செய்யாமல் இரும்பு மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைந்துவிடுகிறது, அல்லது போக்கு ஏழு நாளைத் தாண்டுகிறது என்றால் மகப்பேறு மருத்துவரிடம் காட்டி, கர்ப்பப்பையில் நார்த்திசுக்கட்டி (ஃபைப்ராய்டு) இருக்கிறதா என்று ஸ்கேன் பாருங்கள். ஓட்டை அடைக்காமல் தொட்டி நிரம்பாது.

இனி அட்டவணை. அந்தச் செயலிக்கு உங்கள் வயதும் வேகமும் தெரியும். டிபன் பாக்ஸ் மூன்று கட்டுவதும், மின்சார ரயிலில் நின்றுகொண்டே போய் வருவதும் தெரியாது. ஓட்டத்தால் எலும்பு உறுதியாகிறது என்பது சரி. ஆனால் பழைய எலும்பை முதலில் அரித்தெடுத்துவிட்டுத்தான் உடல் புதியதைக் கட்டுகிறது. கட்டி முடிக்கும்வரை, சில வாரங்களுக்கு, அந்த இடம் முன்னைவிட மெலிந்திருக்கும். கட்டும் வேலைக்குத் தூக்கமும் உணவும் ஓட்டமில்லாத நாட்களும் வேண்டும். விட்டதைச் சனிக்கிழமை பிடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை 20 கிலோமீட்டரும் ஓடும்போது அந்த இடைவெளியைத்தான் அழிக்கிறீர்கள். உங்கள் காலில் நடந்தது பெரும்பாலும் இதுதான்.

எனவே காலும் இரத்தமும் சரியென்று தெரிந்தபின், வாரம் மூன்று ஓட்டம் போதும். செவ்வாய் 45 நிமிடம், வியாழன் 50 நிமிடம், ஞாயிறு நீண்ட ஓட்டம். செவ்வாயன்று மட்டும், வலி முற்றிலும் போனபிறகு, நடுவில் நான்கு நிமிட விரைவோட்டத்தை நான்கு முறை சேர்க்கலாம். மற்றதெல்லாம் பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். சென்னைப் புழுக்கத்தில் அந்த வேகம் கடிகாரத்தில் வெட்கப்படும்படி தெரியும். தெரியட்டும். பெரும்பாலானோர் மெதுவாக ஓட வேண்டிய நாளில் நடுத்தரமாக ஓடி, வேகமாக ஓட வேண்டிய நாளில் களைத்துப் போய் நிற்கிறார்கள்.

நீண்ட ஓட்டத்தை முதல் வாரம் 14 கிலோமீட்டரில் தொடங்கி, வாரம் இரண்டு கிலோமீட்டராகக் கூட்டுங்கள். ஒவ்வொரு நான்காவது வாரமும் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட மூன்றரை மணி நேரம் என்பதே உச்சவரம்பு. கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்றால் அது 26 கிலோமீட்டர். அதற்கு மேல் ஓடினால் கிடைக்கும் பலனைவிட, தேற எடுக்கும் நாட்கள் அதிகம்.

ஒரு ஓட்டம் விட்டுப்போனால் விட்டதுதான், வேறு நாளில் சேர்க்கக் கூடாது. வாரத்தில் ஒன்றுதான் முடியும் என்றால் ஞாயிறு, இரண்டு முடியும் என்றால் செவ்வாயும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து இரவு ஆறு மணி நேரம்கூடத் தூங்கவில்லையா? அன்று 30 நிமிட மெதுவோட்டம் அல்லது ஓய்வு. எழுந்ததும் படுக்கையிலேயே ஒரு நிமிடம் நாடியை எண்ணிக் குறித்து வாருங்கள். வழக்கத்தைவிட 7, 8 துடிப்பு கூடுதலாக இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் உடல் தேறவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். டிசம்பர் கடைசியில் உங்களுக்குக் காலாண்டுக் கணக்கு முடிப்பு வரும். நல்லவேளையாக, போட்டிக்கு முந்தைய அந்த இரண்டு வாரங்களில் தூரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டிய காலமும் அதுதான்.

தூக்கத்துக்கு வருகிறேன். இரவு 9.45-க்குப் படுக்கை, ஓடும் வார நாட்களில் 4.45-க்கு எழுவது, மற்ற நாட்களில் 5.45. இது நடக்க வேண்டுமானால் காய் நறுக்குவது முந்தைய மாலையே முடிய வேண்டும், ஓடும் நாட்களில் காலைச் சமையலறை உங்கள் கணவருடையதாக வேண்டும். இதைக் குடும்ப யோசனையாக அல்ல, மருந்துச்சீட்டில் எழுதியதாகவே அவரிடம் காட்டுங்கள். அவர் முடியாது என்றால், குறைய வேண்டியது ஓட்டம்தான். தூக்கத்தில் கை வைக்க இனி இடமில்லை.

செவ்வாய், வியாழன் மாலைகளில் 15 நிமிடத் தசைப் பயிற்சி. படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை உயர்த்தி, மூன்று எண்ணும் நேரத்தில் மெல்ல இறக்குங்கள். 15 முறை, மூன்று சுற்று. பிறகு முழங்காலைச் சற்று மடக்கியபடி அதையே செய்ய வேண்டும். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பைத் தாங்குகிற ஆழமான கெண்டைத்தசைக்கு வேலை தருவது இந்த இரண்டாவது வகை. இரண்டு வாரம் வலியில்லை என்றால் ஒற்றைக் காலுக்கு மாறலாம். காலணி 700 கிலோமீட்டர் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

58 கிலோ எடை என்று வைத்துக்கொண்டால், வாரம் 50 கிலோமீட்டருக்குச் சுமார் 2,900 கலோரி கூடுதலாகச் செலவாகிறது. நாளுக்கு 400 கலோரிக்கு மேல், அதாவது சாம்பாரோடு நான்கு இட்லியும் ஒரு டம்ளர் பாலும். இதைச் சாப்பிடாமல் 'எடை குறைகிறதே' என்று மகிழ்பவர்களுக்குத்தான் மாதவிலக்கு தள்ளிப்போவதும் எலும்பில் விரிசல் விழுவதும் நேர்கிறது. ஒன்றரை மணிக்கு மேல் ஓடும் நாளில் மணிக்கு 30 கிராமாவது மாவுச்சத்து வேண்டும். ஆறு பேரீச்சம்பழத்தில் அது கிடைத்துவிடும்.

தண்ணீரிலும் அளவு உண்டு. ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 1.2 கிலோ குறைந்து, நடுவில் 300 மில்லி குடித்திருந்தால், உங்கள் வியர்வை மணிக்கு ஒன்றரை லிட்டர். அத்தனையையும் திரும்பக் குடிக்கத் தேவையில்லை, தாகத்துக்குக் குடித்தால் போதும். ஓடி முடித்ததும் எடை ஏறியிருக்கவே கூடாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. எடை ஏறும்படி குடித்தவர்களும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும்தான் அதில் அதிகம். கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்ற வேகத்தில் முழு மாரத்தானுக்கு உங்களுக்கு ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனவே வெறும் தண்ணீரோடு ஓ.ஆர்.எஸ்.ஸும் மாற்றி மாற்றிக் குடியுங்கள். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரிலேயே கரைக்க வேண்டும். ஓட்டத்தின்போது நெஞ்சு இறுக்கம், மயக்கம், படபடப்பு வந்தாலோ, பிறகு சிறுநீர் கறுத்துப் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

போட்டிக்கு நான்கு வாரம் இருக்கையில் வலியில்லாமல் 24 கிலோமீட்டர் முடியவில்லை என்றால் அரை மாரத்தான் ஓடுங்கள். பதிவை மாற்ற முடியுமா என்று அமைப்பாளர்களிடம் இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

மாமியாரின் பயத்துக்கு: ஓடுவதால் கர்ப்பப்பை இறங்கும் என்று காட்டும் உறுதியான சான்று இல்லை. பிரசவம், தீராத இருமல், நாள்பட்ட மலச்சிக்கல் ஆகியவைதான் பெரிய காரணங்கள். ஆனால் ஓடும்போதோ தும்மும்போதோ சிறுநீர் கசிந்தால், அடிவயிற்றில் ஏதோ இறங்குவதுபோல் கனத்தால், கூச்சப்படாமல் காட்டுங்கள், இடுப்புத்தளப் பயிற்சி சொல்லித் தருவார்கள். இரும்பு மாத்திரையால் மலம் இறுகினால் முக்கிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் சொல்லி வேறு மாத்திரைக்கு மாறிக்கொள்ளுங்கள்.