ஐரிஷ் பெயர்களை எப்படிச் சொல்வது? – கேள்வி பதில்

ஐரிஷ் பெயர்களின் உச்சரிப்பு பற்றியும், அவை ஆங்கிலப் பெயர்களாக மாறிய விதம் பற்றியும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நடிகை ரோனன் தன் பெயரைச் 'சர்ஷா' என்கிறார். என் அலுவலகத்தில் அதே பெயருள்ள பெண் 'சீர்ஷா' என்று திருத்துகிறார். எது சரி?

இரண்டும் சரிதான். மூன்றாவதாகச் 'சேர்ஷா'வும் உண்டு. ஐரிஷில் தெற்கே மன்ஸ்டர், மேற்கே கானக்ட், வடக்கே அல்ஸ்டர் என்று மூன்று பெரிய வட்டார வழக்குகள். இந்தப் பெயரில் எஸ்ஸுக்கு அடுத்து வரும் ஏ-ஓ கூட்டெழுத்தை மேற்கிலும் வடக்கிலும் 'ஈ' என்பார்கள், தெற்கே மன்ஸ்டரில் 'ஏ' என்பார்கள். 'சர்ஷா' ஆங்கிலம் பேசுவோரிடம் புழங்கும் வடிவம். 1958இல் அரசு வெளியிட்ட தர நூல் எழுத்துக்கும் இலக்கணத்துக்கும்தான். உச்சரிப்பை அது தொடவில்லை. எனவே பெயருக்கு உரியவர் சொல்வதே தீர்ப்பு.

நடிகர் மர்ஃபியின் முதற்பெயர் சில்லியனா, கில்லியனா?

கில்லியன். ஐரிஷில் சி எப்போதும் 'க'தான்.

ஷானும் ஷேனும் ஒரே பெயரா?

ஆமாம். அல்ஸ்டரில் அந்த நெடில் ஆகாரம் நாக்கின் முன்பக்கம் நகர்ந்துவிடும். ஆங்கிலேயர் காதில் அது 'ஷேன்' என்று விழுந்தது, அப்படியே எழுதினார்கள். முதலாம் எலிசபெத்தோடு மோதி 1567இல் கொல்லப்பட்ட அல்ஸ்டர் தலைவர் ஷேன் ஓநீல், ஐரிஷில் ஷான்தான். அழுத்தமும் ஊருக்கு ஊர் மாறும். 'ஷிவான்' என்ற பெண் பெயரில் மன்ஸ்டர்க்காரர்கள் இரண்டாம் அசையை இழுப்பார்கள். வடக்கே முதல் அசையில் அழுத்தி, பின்னதைக் குறுக்கிவிடுவார்கள்.

நண்பரின் கொள்ளுத்தாத்தா குடும்பத்துக்கு டியர்மிட், பதிவேட்டில் ஜெரமையா. இருவரும் ஒரே ஆள்தானா?

கார்க், கெர்ரி பக்கத்துக் குடும்பம் என்றால் பெரும்பாலும் ஒரே ஆள்தான். அங்கே டியர்மிட்டுக்கு ஜெரமையா என்று எழுதுவது அவ்வளவு வழக்கம். புரட்சிக்காரர் ஓடோனவன் ராஸாவுக்கும் ஆங்கிலத்தில் ஜெரமையா, ஐரிஷில் டியர்மிட். பொருள் பார்த்து யாரும் மாற்றவில்லை. காதுக்குக் கொஞ்சம் ஒத்துப்போனால் போதும் என்று பைபிளிலிருந்தோ லத்தீனிலிருந்தோ ஒரு பெயரை எடுத்து ஒட்டினார்கள். தைக் என்ற பெயர் டிமத்தி ஆனது, டொனகா டெனிஸ் ஆனது, கானர் கொர்னீலியஸ் ஆனது. (தைக்கில் தொடக்கம் நம் 'த'வுக்கு நெருக்கம், முடிவில் 'கங்கை'யின் இரண்டாவது ககரம்.) கோப்னட் மட்டும் விசித்திரம். அவர் தேனீக்களுக்குக் காவலான புனிதை. அந்தப் பெயர்க்காரிகளை டெபோரா என்று எழுதினார்கள். ஒலியில் ஒட்டே இல்லை, ஆனால் எபிரேயத்தில் டெபோரா என்றால் தேனீ!

1864இல் பிறப்புப் பதிவு எல்லோருக்கும் வந்தபோது அலுவலக மொழி ஆங்கிலம். வீட்டில் எப்படி அழைத்தாலும் ஏட்டில் ஆங்கிலப் பெயரே ஏறியது. வண்டியில் தன் பெயரை ஐரிஷில் எழுதியதற்காக டொனகல் கவிஞர் ஒருவருக்கு அபராதம் விதித்தார்கள். 1905இல் அவருக்காக வாதாடித் தோற்ற வக்கீல், பின்னாளில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியின் தலைவர்களில் ஒருவரான பேட்ரிக் பியர்ஸ். நண்பரிடம் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கைத் தேடச் சொல்லுங்கள், இணையத்தில் இலவசம். டியர்மிட், ஜெரமையா, டார்பி, ஜெர்ரி என்று நான்கு பெயரிலும் தேட வேண்டும். 1911 படிவத்தைச் சிலர் ஐரிஷிலேயே நிரப்பியிருக்கிறார்கள், அதையும் மறக்க வேண்டாம்.

கால்வேயில் நர்ஸாக இருக்கிறேன். ஷேமஸ் என்ற நோயாளியை அவர் மனைவி 'ஹேமிஷ்' என்கிறாரே?

அது விளி வேற்றுமை. கூப்பிடும்போது முதல் மெய் இளகும், ஷ போய் ஹ வரும். ஸ்காட்லாந்தின் ஹேமிஷ் என்ற பெயரே அங்குள்ள ஷேமஸின் விளியிலிருந்து பிறந்ததுதான். நீங்கள் ஷேமஸ் என்றே கூப்பிடலாம். அப்புறம், உங்கள் மேற்குப் பக்கத்தில் பேட்ரிக்கின் ஐரிஷ் வடிவத்தைப் 'போரிக்' என்பார்கள். தெற்கே போனால் நடுவில் ஒரு ட் கேட்கும்: 'போட்ரிக்'.

மகளுக்குக் 'கீவா' என்று பெயர் வைக்கப் போகிறோம். ஐரிஷ் எழுத்தில் நடுவே எம்-ஹெச் வருகிறது, யாருக்கும் படிக்க வராது. ஆங்கிலப்படி கே-இ-இ-வி-ஏ என்று எழுதலாமா?

எழுதலாம், குற்றமில்லை. ஆனால் நான் வைத்தால் ஐரிஷ் எழுத்தையே வைப்பேன். எம்-ஹெச், பி-ஹெச் இரண்டுக்கும் 'வ' என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் நீவ், ஷிவான், கீவா மூன்றுமே படிக்க வந்துவிடும். இன்னொன்று: 'கீவா' வடக்கத்தி உச்சரிப்பு, தெற்கே அதே பெயர் 'க்வீவா'. ஆங்கில எழுத்து உங்களை வடக்கில் கட்டிப்போடும். ஐரிஷ் எழுத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு.