ஆயாவின் முகத்தில் இருட்டு

கேள்வி: போன வருடம் ஆயாவை வேலூர் கோட்டைக்கு அழைத்துப்போய், அகழி ஓரம் மர நிழலில் நிற்கவைத்து செல்போனில் ஒரு படம் எடுத்தேன். பின்னால் மதில் மேல் உச்சிவெயில். முகம் கறுத்துவிட்டது. இப்போது ஆயா இல்லை. பெரிதாக்கி வீட்டில் மாட்டலாம் என்று ஒரு ஆப்பில் வெளிச்சத்தைக் கூட்டினால் முகமெல்லாம் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி, புடவையில் கட்டம் கட்டமாக, தலையைச் சுற்றி வெள்ளைக் கோடு. சரிசெய்ய முடியுமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: முடியும் தம்பி. ஆனால் எனக்கு அனுப்பிய படத்தில் வேலை செய்யாதீர்கள். அது வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்தது. எடுத்த போனில் மூலப்படம் இருக்கும், அதை கேபிள் போட்டுக் கணினியில் ஏற்றுங்கள்.

ஜேபெக் (JPEG) என்கிற படக் கோப்பு, படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்கும். கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடும். வெளிச்சம் கூட்டியதும் அந்தக் கட்டங்கள் மேலே வருகின்றன. வண்ணப் புள்ளி, வெளிச்சம் போதாத இடத்தில் கேமராவின் சென்சார் தருகிற நாய்ஸ், அதாவது படத்தில் இல்லாத பொய்ப் புள்ளி. முகத்தைக் கூட்டினால் அதுவும் சேர்ந்து கூடும். வெள்ளைக் கோடு ஆப் செய்த வேலை. ஓரங்களைத் தூக்கிக் காட்டும் 'கிளாரிட்டி', 'எச்டிஆர்' வசதிகள் பக்கமே போகாதீர்கள்.

ஜிம்ப் (GIMP) கணினியில் படம் திருத்தும் இலவச மென்பொருள். அதில் படத்தைத் திறந்ததும் 16 பிட்டுக்கு மாற்றுங்கள். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். மாற்றி மாற்றி இழுத்தால் கன்னம் பட்டை பட்டையாகிவிடும். 16 பிட், போனதைத் திருப்பித் தராது, மேற்கொண்டு போகாமல் காக்கும். அப்புறம் முகத்தை மட்டும் தேர்வு செய்து, ஓரத்தை நன்றாக மங்கவைத்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் 'கர்வ்ஸ்' கோட்டின் நடுப்பகுதியைக் கொஞ்சம் உயர்த்துங்கள். அடிக்கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும். நிழலில் நின்றவர் நிழலில் நின்றவராகத் தெரிந்தால்தான் படம் உண்மையாக இருக்கும்.

வண்ணப் புள்ளிக்கு: லேயரை (பட அடுக்கை) நகலெடுத்து, மேல் லேயரை பிளர் செய்து (மங்கவைத்து), அது கீழ் லேயரோடு கலக்கும் மோடை 'கலர்' (ஜிம்பில் 'LCh Color') என்று வையுங்கள். நிறம் மட்டும் சமமாகும். ஆயாவின் முகச் சுருக்கம் ஒன்றுகூட அழியாது. அதுதானே நமக்கு வேண்டும்! தோலை வழுவழுப்பாக்கும் 'பியூட்டி' வசதியை இந்தப் படத்தில் தயவுசெய்து தொடாதீர்கள்.

வேலை முடியும்வரை ஜிம்பின் சொந்தக் கோப்பாகவே சேமியுங்கள். ஜேபெக்காக ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் மறுபடி சுருங்கும். கடைசியில் ஒரே முறை, 95 தரத்தில் ஜேபெக் எடுங்கள்.

இனி வெயிலைப் பின்னால் வைத்து யாரை எடுத்தாலும், திரையில் முகத்தைத் தொட்டுவிட்டு எடுங்கள். போன் மதிலை விட்டு முகத்துக்கு வெளிச்சம் அளக்கும்.

12க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போடும் முன், முகப்பகுதியை மட்டும் அதே பெரிய அளவில் 4க்கு 6 தாளில் போட்டுப் பாருங்கள். புள்ளி உறுத்தினால் 8க்கு 12 போதும்.